சிலிக்கன் நைட்ஸ்

சிலிக்கன் நைட்ஸ் என்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள செயிண்ட் கதரின்ஸ் நகரை மையமாகக் கொண்டு இயங்கிய நிகழ்பட ஆட்ட உருவாக்க நிறுவனம் ஆகும். 1992 ஆம் ஆண்டில் டெனிஸ் டயாக் என்பவரின் தலைமையில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 2014 ஆம் ஆண்டில் திவாலானது. பிளட் ஓமன்: லெகசி ஆஃப் கெயின் (1996), எடெர்னல் டார்க்னஸ் (2002), டூ ஹியூமன் (2008) ஆகியன இந்நிறுவனத்தின் குறிப்பிடத்தக்க ஆக்கங்கள். எனினும் ஆட்டங்களை விடவும், எபிக் கேம்ஸ் நிறுவனத்துடன் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்திய வழக்கினாலேயே இன்று இதன் பெயர் பெரிதும் அறியப்படுகிறது. அவ்வழக்கின் முடிவில், கடைகளில் விற்காமல் இருந்த தன் ஆட்டப் படிகளைத் திரும்பப் பெற்று அழிக்கும்படி நீதிமன்றம் இந்நிறுவனத்துக்கு ஆணையிட்டது. நிகழ்பட ஆட்டத் துறையில் இத்தகைய ஆணை மிக அரிதானது.

தொடக்க காலம்

செயிண்ட் கதரின்ஸ், நயாகரா அருவியிலிருந்து சிறிது தொலைவில் அமைந்துள்ள நடுத்தர அளவிலான நகரம் ஆகும். அந்நகரின் புரொக் பல்கலைக்கழகத்தில் பயின்ற டயாக் தமது ஊரிலேயே நிறுவனத்தை அமைத்தார். இறுதி வரை அது அங்கேயே இயங்கியது.

முதல் ஆட்டமான சைபர் எம்பயர்ஸ் 1992 இல் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து ஃபேன்டசி எம்பயர்ஸ் (1993), டார்க் லீஜன்ஸ் (1994) ஆகியவை வெளிவந்தன. இவை தனிமேசைக் கணினிகளுக்கான போர்த்திற ஆட்டங்கள். அமெரிக்காவின் ஸ்ட்ரேடெஜிக் சிமுலேசன்ஸ் நிறுவனம் இவற்றை வெளியிட்டது. சிறு குழு ஒன்று ஓராண்டில் ஓர் ஆட்டத்தை முடித்துக் கொடுக்கக்கூடிய காலம் அது. பின்னாளில் ஒரே ஆட்டத்துக்கு ஒன்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்ட நிறுவனம், தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆட்டங்களை வெளியிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

பிளட் ஓமனும் முதல் வழக்கும்

நிறுவனத்துக்குப் பெயர் பெற்றுத் தந்த ஆட்டம் பிளட் ஓமன்: லெகசி ஆஃப் கெயின் ஆகும். இது 1996 நவம்பரில் சோனியின் பிளேஸ்டேசன் கருவிக்கு வெளியானது. நொஸ்கொத் என்னும் கற்பனை உலகில், கொலையுண்ட பிரபு ஒருவன் இரத்தம் குடிக்கும் பேயுருவாக உயிர்த்தெழுந்து பழி வாங்கப் புறப்படுவதே இதன் கதை. கதைத் தலைவன் நல்லவன் அல்லன். ஆட்டத்தின் முடிவில் உலகைக் காக்கத் தன்னையே பலியிடுவதா, அழியும் உலகை ஆள்வதா என்ற தெரிவு ஆடுபவரிடமே விடப்படுகிறது. நாடக நடிகர்களின் குரலில் அமைந்த நீண்ட உரையாடல்களும் அக்காலத்து ஆட்டங்களில் புதுமையானவை.

இவ்வாட்டத்தின் வெளியீட்டாளர் கலிபோர்னியாவைச் சேர்ந்த கிறிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனம். ஆட்டம் வெற்றி பெற்றதும், அதன் தொடர்ச்சியை உருவாக்கும் உரிமை யாருக்கு என்ற சிக்கல் எழுந்தது. கிறிஸ்டல் டைனமிக்ஸ் தானே ஒரு தொடராட்டத்தை உருவாக்கத் தொடங்கியதை எதிர்த்து, 1997 இல் சிலிக்கன் நைட்ஸ் கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. இறுதியில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. தொடரின் உரிமை கிறிஸ்டல் டைனமிக்சுக்குச் சென்றது. மூலக் கருத்து சிலிக்கன் நைட்சுடையது என்ற குறிப்பு மட்டும் பின்வந்த ஆட்டங்களில் இடம்பெற்றது. 1999 இல் வெளிவந்த சோல் ரீவர் உள்ளிட்ட தொடராட்டங்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. அவ்வரவேற்பின் பயன், கெயின் என்ற பாத்திரத்தைப் படைத்தவர்களுக்குக் கிட்டவில்லை.

நின்டெண்டோவுடன் கூட்டு

2000 ஆம் ஆண்டளவில் சிலிக்கன் நைட்ஸ் சப்பானின் நின்டெண்டோ நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தது. இதன்படி நின்டெண்டோ கருவிகளுக்கு மட்டுமே அது ஆட்டங்களை உருவாக்கும். நிறுவனத்தின் வரலாற்றில் மிகச் சிறந்த காலம் இதுவே எனலாம்.

எடெர்னல் டார்க்னஸ் 2002 ஜூனில் கேம்கியூப் கருவிக்கு வெளியானது. முதலில் இது நின்டெண்டோ 64 கருவிக்காகத் தொடங்கப்பட்டு, கருவியின் காலம் முடிவுற்றதால் அடுத்த கருவிக்கு மாற்றப்பட்டது. சிறுவர்க்குரிய ஆட்டங்களுக்கே பெயர் பெற்றிருந்த நின்டெண்டோ, 17 அகவைக்கு மேற்பட்டோருக்குரியது என்ற தரக்குறியுடன் தானே வெளியிட்ட முதல் ஆட்டம் இதுவாகும். பண்டைய உரோமப் போர்வீரன் முதல் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வாழும் இளம்பெண் வரை, வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த பன்னிரு மாந்தரின் வாயிலாக ஒரே தீய நூலின் கதை சொல்லப்படுகிறது.

இவ்வாட்டத்தின் தனிச்சிறப்பு அதன் மனநிலை அளவுகோல் ஆகும். பாத்திரம் கொடிய உருக்களைக் காணும்போதெல்லாம் அதன் மனத்தெளிவு குறையும். மனத்தெளிவு மிகவும் குறைந்ததும் சுவர்களில் இரத்தம் வழிவது, காட்சி சாய்வது போன்றவை நிகழும். இவை எதிர்பார்க்கக்கூடியவையே. ஆனால் இவ்வாட்டம் அதனுடன் நிற்காமல், பாத்திரத்தை விட்டு ஆடுபவரையே ஏமாற்ற முனைந்தது. தொலைக்காட்சியின் ஒலி தானே குறைவது போன்ற குறியீடு திரையில் தோன்றும். சேமித்து வைத்த ஆட்டங்கள் அனைத்தும் அழிக்கப்படுவதாக அறிவிப்பு வரும். திரைக்கண்ணாடியின் மேல் பூச்சி ஊர்வது போலத் தெரியும். தொலைக்காட்சியைத் தட்டிப் பார்த்தவர்கள், கருவியின் மின்னிணைப்பைப் பதறிப் பிடுங்கியவர்கள் பற்றிய கதைகள் பல உண்டு. இம்முறைக்கு நின்டெண்டோ விண்ணப்பித்த ஐக்கிய அமெரிக்கக் காப்புரிமம் 2005 இல் வழங்கப்பட்டது. திறனாய்வாளர்கள் ஆட்டத்தைப் பெரிதும் பாராட்டினர். விற்பனை அந்த அளவுக்கு அமையவில்லை.

அடுத்ததாக, கொனாமி நிறுவனத்தின் புகழ்பெற்ற ஆட்டமான மெட்டல் கியர் சாலிட், சிலிக்கன் நைட்சினால் புதுவடிவம் பெற்று, த டுவின் சினேக்ஸ் என்ற துணைப்பெயருடன் 2004 மார்ச்சில் வெளியானது. கிடியோ கொஜிமா, சிகெரு மியாமோட்டோ ஆகிய இரு பெரும் ஆட்டப் படைப்பாளிகளின் மேற்பார்வையில் பணியாற்றும் வாய்ப்பு ஒரு கனடிய நிறுவனத்துக்குக் கிடைத்தது சிறிய செய்தி அன்று. ஆனால் அவ்வாட்டம் வெளிவந்த ஒரு சில வாரங்களிலேயே நின்டெண்டோவுடனான தனிக்கூட்டு முடிவுக்கு வந்தது.

டூ ஹியூமன்: மூன்று கருவிகள், ஒன்பது ஆண்டுகள்

டூ ஹியூமன் முதன்முதலாக 1999 இல் லாஸ் ஏஞ்சல்சில் நடந்த ஈ3 கண்காட்சியில் அறிமுகமானது. அப்போது அது பிளேஸ்டேசனுக்கான ஆட்டம். கி.பி. 2450 இல் நிகழும் துப்பறியும் அறிபுனைக் கதையாகத் திட்டமிடப்பட்டிருந்தது. பல குறுவட்டுகளில் வெளிவரும் என அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நின்டெண்டோவுடன் கூட்டு ஏற்பட்டதால், ஆட்டம் கேம்கியூப் கருவிக்கு மாற்றப்பட்டது. பின்னர் எடெர்னல் டார்க்னஸ், த டுவின் சினேக்ஸ் ஆகியவற்றுக்கு முன்னுரிமை தரப்பட்டதால் அது ஓரங்கட்டப்பட்டது.

2005 இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்துடன் புதிய உடன்பாடு கையெழுத்தானது. டூ ஹியூமன் இப்போது எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்குரிய மூன்று பாகங்கள் கொண்ட ஆட்டமாக அறிவிக்கப்பட்டது. கதையும் அடியோடு மாறியிருந்தது. துப்பறிவாளன் மறைந்து, நோர்சு தொன்மத்தின் பால்டர் கதைத் தலைவனாக வந்தான். இக்கதையில் தேவர்கள் எனப்படுவோர் உண்மையில் இயந்திர உறுப்புகளால் ஆற்றல் பெற்ற மாந்தரே. ஏனைய தேவர்களை விட உடலில் இயந்திரம் குறைவாகக் கொண்டவன் பால்டர். அதனால் அவன் மிகையான மனிதத்தன்மை உடையவன் என்று குறை கூறப்படுவதே தலைப்பின் பொருள். 1999 இல் அறிவிக்கப்பட்ட ஆட்டத்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை சொற்பமே.

ஆட்டப்பொறியும் உரிமமும்

பின்வந்த வழக்கைப் புரிந்துகொள்ள ஆட்டப்பொறி என்பது என்ன என்று அறிதல் வேண்டும். ஒரு முப்பரிமாண ஆட்டத்தில் காட்சிகளை வரைதல், ஒளியும் நிழலும் கணித்தல், பொருள்கள் மோதுவதைக் கண்டறிதல், ஒலி எழுப்புதல், கோப்புகளை நினைவகத்தில் ஏற்றுதல் போன்ற அடிப்படைப் பணிகளை ஆற்றும் நிரல்தொகுதியே ஆட்டப்பொறி ஆகும். கதை, பாத்திரங்கள், களங்கள் ஆகியன அதன் மேல் கட்டப்படுவன. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பொறியை எழுதுவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை. ஆகவே ஏற்கனவே உள்ள பொறி ஒன்றைப் பணம் கொடுத்து உரிமம் பெறுவது வழக்கம். உரிமம் பெறுபவருக்கு மூலநிரலும் வழங்கப்படும். அதனைப் படிக்கலாம், தன் ஆட்டத்துக்கேற்ப மாற்றலாம். ஆனால் அது உரிமம் அளித்தவரின் உடைமையாகவே நீடிக்கும். உரிமத்தில் குறிப்பிடாத வேறொரு ஆட்டத்துக்கு அதனைப் பயன்படுத்த முடியாது.

ஐக்கிய அமெரிக்காவின் வட கரொலைனா மாநிலத்தில் உள்ள எபிக் கேம்ஸ், இத்தகைய பொறிகளை விற்பதில் முன்னணி நிறுவனம். அதன் அன்ரியல் என்ஜின் 3, எக்ஸ்பாக்ஸ் 360 தலைமுறைக் கருவிகளுக்காக உருவாகி வந்தது. 2005 மே மாதத்தில் சிலிக்கன் நைட்ஸ் இப்பொறிக்கு உரிமம் பெற்றது. அப்போது பொறி முழுமை பெற்றிருக்கவில்லை. அதே வேளையில் எபிக் கேம்ஸ் அப்பொறியைக் கொண்டே கியர்ஸ் ஆஃப் வார் என்னும் தன் சொந்த ஆட்டத்தை அதே எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு உருவாக்கிக்கொண்டிருந்தது. கருவி விற்பவரே போட்டியாளராகவும் இருந்த இந்நிலையே பூசலின் வேர் எனலாம்.

2006 ஈ3 கண்காட்சியில் இரு ஆட்டங்களும் காட்டப்பட்டன. கியர்ஸ் ஆஃப் வார் அக்கண்காட்சியின் சிறந்த ஆட்டங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. டூ ஹியூமனின் மாதிரியோ தடுமாறி ஓடியது. காட்சி விட்டுவிட்டு நகர்ந்தது. இதழாளர்கள் கடுமையாக எழுதினர். அதன் பின்னர் சிலிக்கன் நைட்ஸ், எபிக்கின் பொறியைக் கைவிட்டுத் தனக்கெனச் சொந்தப் பொறியை உருவாக்குவதாக முடிவு செய்தது. அவ்வாறு உருவானதே சிலிக்கன் நைட்ஸ் பொறி எனப்பட்டது.

வழக்கு

2007 ஜூலை 19 அன்று சிலிக்கன் நைட்ஸ், எபிக் கேம்ஸ் மீது வட கரொலைனாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. ஏமாற்று, ஒப்பந்த மீறல், நேர்மையற்ற போட்டி முதலிய குற்றச்சாட்டுகள் அதில் இடம்பெற்றன. எக்ஸ்பாக்ஸ் 360 கருவியின் இறுதி உருவாக்கக் கருவித்தொகுதி கிடைத்த ஆறு மாதத்துக்குள், அதாவது 2006 மார்ச்சுக்குள், அக்கருவியில் முறையாக இயங்கும் பொறியைத் தருவதாக எபிக் உறுதியளித்தும் தரவில்லை என்பது முதன்மை வாதம். உரிமம் பெற்றோர் கட்டிய பணத்தைக் கொண்டு எபிக் தன் கியர்ஸ் ஆஃப் வார் ஆட்டத்தை மெருகேற்றியது, அதற்கெனச் செய்த மேம்பாடுகளைப் பிறருக்குத் தாமதமாகவே வழங்கியது, இவ்வாறு போட்டியாளர்களைத் திட்டமிட்டே பின்தங்க வைத்தது என்பது அடுத்த வாதம்.

இக்குற்றச்சாட்டுகள் அப்போது பரவலான அனுதாபத்தைப் பெற்றன. முதிராத பொறியொன்றுடன் மல்லுக்கட்டிய வேறு நிறுவனங்களும் இருந்தன. எனினும் அதே பொறியைக் கொண்டு, அதே கனடாவின் எட்மன்டன் நகரில் இயங்கிய பயோவேர் நிறுவனம், அதே எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு மாஸ் எஃபெக்ட் ஆட்டத்தை 2007 நவம்பரில் வெளியிட்டு வெற்றி கண்டது. சிலிக்கன் நைட்சின் வாதத்துக்கு இது உதவவில்லை.

அடுத்த மாதமே, 2007 ஆகஸ்டில், எபிக் எதிர்வழக்குத் தொடுத்தது. பொறி இன்னும் உருவாக்கத்தில்தான் உள்ளது என்பதை அறிந்தே சிலிக்கன் நைட்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது என்று அது கூறியது. அதை விட முக்கியமானது எதிர்வழக்கின் மற்றொரு கூற்று. சிலிக்கன் நைட்சின் சொந்தப் பொறி எனப்படுவது உண்மையில் சொந்தமானதன்று, எபிக்கின் நிரலை எடுத்தாண்டே அது கட்டப்பட்டுள்ளது என எபிக் குற்றஞ்சாட்டியது. தான் தொடுத்த வழக்கினாலேயே தன் மூலநிரலை எதிரியின் வல்லுநர்கள் வரிவரியாகச் சோதிக்கும் நிலைக்குச் சிலிக்கன் நைட்ஸ் தன்னை உட்படுத்திக்கொண்டது.

டூ ஹியூமனின் வெளியீடு

வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே டூ ஹியூமன் 2008 ஆகஸ்ட் 19 அன்று வட அமெரிக்காவில் வெளியானது. முதல் அறிவிப்பிலிருந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. திறனாய்வுகளின் சராசரி மதிப்பெண் 100க்கு 65 அளவில் நின்றது.

பெரும்பாலான ஆட்டங்களில் பார்வைக் கோணத்தைத் திருப்பப் பயன்படும் வலப்புறக் கைப்பிடி, இவ்வாட்டத்தில் வாள் வீசப் பயன்பட்டது. பார்வைக் கோணத்தைக் கணினியே தீர்மானித்தது. கருத்தளவில் புதுமையான இம்முறை நடைமுறையில் பலரைச் சலிப்புறச் செய்தது. நால்வர் சேர்ந்து ஆடலாம் என்று முதலில் கூறப்பட்டது, வெளியீட்டின் போது இருவராகக் குறைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றிலும் அதிகமாகப் பழிக்கப்பட்டது மரணக் காட்சி. பால்டர் இறக்கும் ஒவ்வொரு முறையும் வால்கிரி ஒருத்தி வானிலிருந்து மெதுவாக இறங்கி, அவனைத் தூக்கிக்கொண்டு மெதுவாக மேலேறுவாள். இதனைத் தவிர்த்துச் செல்ல வழி இல்லை. அடிக்கடி இறக்க நேரும் ஆட்டத்தில் இக்காட்சியை நூறு முறை காண்பவரின் பொறுமை எந்த அளவில் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே வேளை, கவசங்களும் ஆயுதங்களும் சேகரிக்கும் பகுதியையும், தொன்மத்தையும் அறிபுனைவையும் இணைத்த கதையுலகையும் விரும்பிய தனி இரசிகர் கூட்டம் ஒன்று இவ்வாட்டத்துக்கு உண்டு. எஞ்சிய இரு பாகங்களும் வெளிவரவில்லை.

எக்ஸ்-மென்: டெஸ்டினி

இதன் பின்னர் நிறுவனம் பல திட்டங்களில் ஈடுபட்டது. அவற்றுள் வெளிவந்தது ஒன்றே. மார்வெல் சித்திரக்கதைகளைத் தழுவி, அக்டிவிசன் நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்ட எக்ஸ்-மென்: டெஸ்டினி 2011 செப்டம்பரில் வெளியானது. ஆட்டம் குறுகியது, முழுமையற்றது, தோற்றத்தில் காலத்துக்குப் பின்தங்கியது என்று திறனாய்வாளர்கள் எழுதினர்.

இதன் உருவாக்கம் பற்றி, பெயர் வெளியிட விரும்பாத முன்னாள் ஊழியர்களின் கூற்றுகளை அடிப்படையாகக் கொண்ட நீண்ட கட்டுரை ஒன்று 2012 அக்டோபரில் கொட்டாக்கு இணைய இதழில் வெளியானது. எக்ஸ்-மென் ஆட்டத்துக்குரிய ஆட்களில் ஒரு பகுதியினர் எடெர்னல் டார்க்னசின் தொடர்ச்சிக்கான மாதிரியை உருவாக்கத் திருப்பப்பட்டனர் என்று அதில் கூறப்பட்டிருந்தது. டயாக் இதனைப் பின்னர் வெளிப்படையாக மறுத்தார். எவ்வாறாயினும் 2011 இன் இறுதியில் நிறுவனம் தன் ஊழியர்களில் பெரும்பகுதியினரைப் பணிநீக்கம் செய்தது. ஒரு காலத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் பணியாற்றிய அலுவலகத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது எஞ்சியிருந்தோர் மிகச் சிலரே.

விசாரணையும் தீர்ப்பும்

விசாரணைக்கு முன்பே சிலிக்கன் நைட்சுக்குப் பெரும் பின்னடைவு ஏற்பட்டது. தனக்கு ஏற்பட்ட இழப்பைக் கணக்கிட அது அமர்த்திய வல்லுநரின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இழப்பை மெய்ப்பிக்க வேறு வழி இல்லாததால், ஒப்பந்த மீறல் மெய்ப்பிக்கப்பட்டாலும் பெயரளவில் ஒரு டாலர் மட்டுமே கிடைக்கக்கூடிய நிலை உருவானது. பல மில்லியன் டாலர் இழப்பீடு கோரித் தொடங்கிய வழக்கு, விசாரணை தொடங்கும் முன்னரே ஒரு டாலருக்கு வந்து நின்றது.

எபிக்கின் எதிர்வழக்குக்கோ ஆதாரங்கள் வலுவாக இருந்தன. சிலிக்கன் நைட்ஸ் பொறியின் மூலநிரலில் எபிக்கின் நிரல் ஆயிரக்கணக்கான வரிகளில் அப்படியே காணப்பட்டது. நிரல் ஒத்திருப்பதற்கு, ஒரே வேலையை ஒரே மாதிரித்தான் செய்ய முடியும் என்று காரணம் கூறலாம். ஆனால் நிரலாளர்கள் தமக்குள் புரிந்துகொள்வதற்காக வரிகளுக்கிடையே எழுதி வைக்கும் குறிப்புரைகள் நிரலின் இயக்கத்துக்குத் தேவையற்றவை. எபிக் நிரலாளர்களின் அத்தகைய குறிப்புரைகளும், அவற்றில் அவர்கள் விட்ட எழுத்துப் பிழைகளும் கூட சிலிக்கன் நைட்சின் கோப்புகளில் அவ்வாறே இருந்தன. தேர்வில் பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதியவன், அவனது பிழையையும் சேர்த்து எழுதி அகப்படுவதை ஒத்தது இது. எபிக்கின் பதிப்புரிமை அறிவிப்புகள் மட்டும் நீக்கப்பட்டிருந்தன.

2012 மே 30 அன்று நடுவர் குழு தன் முடிவை அறிவித்தது. சிலிக்கன் நைட்சின் குற்றச்சாட்டுகள் அனைத்தும் தள்ளுபடியாயின. பதிப்புரிமை மீறல், வணிக மறைபொருளைத் தவறாகப் பயன்படுத்தல், உரிம ஒப்பந்த மீறல் ஆகியவற்றில் சிலிக்கன் நைட்ஸ் குற்றம் புரிந்ததாக முடிவு செய்யப்பட்டு, எபிக்குக்கு 4.45 மில்லியன் டாலர் வழங்கும்படி கூறப்பட்டது. வழக்குச் செலவும் வட்டியும் சேர்ந்து இத்தொகை பின்னர் 9 மில்லியனைத் தாண்டியது.

அழிப்பு ஆணை

2012 நவம்பரில் நீதிபதி மூன்றாம் ஜேம்ஸ் டெவர் பிறப்பித்த ஆணை தொகையை விடவும் கடுமையானது. சிலிக்கன் நைட்ஸ் வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப நிரலைப் படியெடுத்தது என்றும், பின்னர் அதை மறைக்க முயன்றது என்றும் அவர் கண்டார். எபிக்கின் நிரலைக் கொண்ட எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். டூ ஹியூமன், எக்ஸ்-மென்: டெஸ்டினி ஆகியவற்றின் விற்பனையாகாத படிகளைத் தன் செலவில் திரும்பப் பெற்று அவற்றையும் அழிக்க வேண்டும். வெளிவராமலே நின்றுபோன தி சாண்ட்மேன், தி பாக்ஸ், சைரன் இன் த மேல்ஸ்ட்ராம் ஆகிய திட்டங்களின் கோப்புகளும் இதில் அடங்கின.

இவ்வாணையின் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். நிறுவனம் ஒன்று நொடித்தால் அதன் கட்டடம், கணினிகள் போனாலும் அது எழுதிய நிரல் எஞ்சும். அதை இன்னொருவர் வாங்கி, நின்றுபோன ஆட்டத்தை முடித்து வெளியிடக் கூடும். இத்துறையில் அவ்வாறு நிகழ்ந்ததுண்டு. சிலிக்கன் நைட்சின் கடைசி ஏழெட்டு ஆண்டு உழைப்புக்கு அவ்வாய்ப்பு இல்லாமற் போனது. அவ்வாட்டங்களில் பணியாற்றிய ஓவியர்கள், இசையமைப்பாளர்கள், கள வடிவமைப்பாளர்கள் பலருக்கும் நிரல் படியெடுத்தலில் எவ்விதப் பங்கும் இல்லை. ஆயினும் அவர்களது ஆக்கங்களும் அந்நிரலோடு பிணைந்திருந்தன. எக்ஸ்பாக்சின் இணையக் கடையிலிருந்தும் இரு ஆட்டங்களும் நீக்கப்பட்டன.

சிலிக்கன் நைட்ஸ் மேன்முறையீடு செய்தது. 2014 ஜனவரியில் நான்காம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. அதே ஆண்டு மே மாதத்தில் நிறுவனம் திவாலானது.

பிந்தைய நிகழ்வுகள்

நிறுவனம் திவாலாகும் முன்பே, 2012 இல், முன்னாள் ஊழியர்கள் சிலர் சேர்ந்து பிரிகர்சர் கேம்ஸ் என்ற புதிய நிறுவனத்தைச் செயிண்ட் கதரின்சிலேயே தொடங்கினர். டயாக்கும் அதில் பொறுப்பேற்றார். எடெர்னல் டார்க்னசின் ஆவிவழித் தொடர்ச்சியாக ஷேடோ ஆஃப் தி எடெர்னல்ஸ் என்னும் ஆட்டத்தை உருவாக்க, 2013 இல் பொதுமக்களிடம் இணையவழி நிதி திரட்ட முயன்றனர். முதல் முயற்சி இடையில் நிறுத்தப்பட்டது. இலக்கைக் குறைத்துச் செய்த இரண்டாம் முயற்சியும் நிறைவேறவில்லை. எடெர்னல் டார்க்னசை நேசித்தவர்கள் பலர் இருந்தபோதிலும், டூ ஹியூமனுக்குப் பின் அதே குழுவினரை நம்பி முன்பணம் கட்ட அவர்களுள் போதிய எண்ணிக்கையினர் முன்வரவில்லை. பிரிகர்சர் கேம்ஸ் அவ்வாண்டிலேயே செயலிழந்தது. டயாக் பின்னர் அபோகலிப்ஸ் ஸ்டுடியோஸ் என்ற வேறொரு நிறுவனத்தை அமைத்து, டெட்ஹவுஸ் சொனாட்டா என்னும் ஆட்டத்தை அறிவித்தார்.

எபிக் கேம்சின் பொறி தொடர்ந்து வளர்ந்தது. 2015 இல் அன்ரியல் என்ஜின் 4 எவரும் கட்டணமின்றித் தரவிறக்கிப் பயன்படுத்தக்கூடியதாக்கப்பட்டது. அதைக் கொண்டு வெளியிடும் ஆட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாய் ஈட்டினால் மட்டும் ஒரு பங்கைச் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

எடெர்னல் டார்க்னஸ், பிளட் ஓமன் ஆகியவற்றின் உரிமை சிலிக்கன் நைட்சிடம் இல்லாததால் அழிப்பு ஆணை அவற்றைத் தீண்டவில்லை. டூ ஹியூமன் 2019 ஜூனில் எதிர்பாராத வகையில் மீண்டும் தோன்றியது. மைக்ரோசாப்ட் அதனை எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியில் இயங்கும் பழைய ஆட்டங்களின் வரிசையில் சேர்த்து, இணையக் கடையில் விலையின்றி வழங்கியது.